வீண் நிறுத்தங்கள்

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டு, நான் சர்வே என்று சொல்லிவிட்டால் போச்சு. பட்டா, புல எண், வரப்புத் தகராறு என்று ஆரம்பித்துவிடுவார்கள். என் அம்மாவே ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்து, "இவன்கிட்ட கேளுங்க, அமெரிக்காவுல அளக்கிறான்" என்று உட்கார வைத்துவிட்டார். நான் அளந்ததும் தரையைத்தான், சுவரைத்தான், மண்ணைத்தான். ஆனால் நீள அகலம் பார்க்க இல்லை. மின் உற்பத்தி நின்று மூடப்பட்ட அணு உலையைப் பிரித்தெடுக்கும்போது, கான்கிரீட்டிலும் மண்ணிலும் கதிரியக்க மாசு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் சர்வே அது. அதிலும் நான் கருவி பிடித்தவன் இல்லை. மற்றவர்கள் கருவி பிடித்து எடுத்து வந்த எண்களை மேசையில் உட்கார்ந்து சரிபார்த்தவன்.

அந்த மேசையில் நான் எழுதிய குறிப்புகளில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஒரு சர்வேயரின் பெயருக்கு எதிரே, குறிப்புக் கட்டத்தில், "தேவையற்ற நிறுத்தங்கள் அதிகம்" என்று எழுதினேன். நிலையத்தின் பெயர் வேண்டாம், அந்தச் சர்வேயரின் பெயரும் வேண்டாம். ஐம்பதுகளின் கடைசியில் இருந்த ஒரு பெண்மணி. கடற்படையில் அணுநீர்மூழ்கிகளைப் பழுதுபார்க்கும் தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். இங்கே அம்மா என்றே சொல்லிக்கொள்கிறேன். அவரிடம் நேரில் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எந்தக் கருவி நல்லது?

இந்தத் தொழிலில் இரண்டு பேர் காபி குடிக்க உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் கருவியில்தான் வந்து நிற்கும். கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸைப் பற்றிப் பேசுவது மாதிரி. பேன்கேக் புரோப் போதும் என்பார் ஒருவர். தோசைக்கல் மாதிரி தட்டையான கைகர்-முல்லர் குழாய், முகத்தில் மெல்லிய மைக்கா சன்னல். பீட்டா கதிர்களை நன்றாகப் பிடிக்கும், கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சன்னல் 15 சதுர சென்டிமீட்டர்தான், இதை வைத்து ஒரு டர்பைன் கூடத்தை எப்போது முடிப்பது என்பார் அடுத்தவர். மண்ணுக்கு சோடியம் அயோடைடு படிகம் வைத்த டிடெக்டரை விட்டால் வேறு வழியில்லை என்று ஒரு கட்சி. காமாவுக்கு அதுதான் வேகம், தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரத்தில் ஊசலாட்டிக்கொண்டு விநாடிக்கு அரை மீட்டர் நடந்துகொண்டே போகலாம். எல்லாம் சரி, உலை விட்டுப்போன மாசு சீசியமா கோபால்ட்டா என்று உன் சோடியம் அயோடைடால் திட்டமாகச் சொல்ல முடியுமா என்று ஜெர்மேனியம் படிக டிடெக்டர் வைத்திருக்கும் கட்சி கேட்கும். ஜெர்மேனியம் சொல்லிவிடும். சீசியம்-137 மாசு விடும் காமாவின் ஆற்றலான 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டை ஊசி முனை மாதிரி தனியாக எழுப்பிக் காட்டும். ஆனால் அதைத் திரவ நைட்ரஜனில் குளிர வைக்க வேண்டும், அல்லது மின்சாரக் குளிரூட்டியோடு தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். விலையைச் சொன்னால் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

இவை ஒன்றோடொன்று போட்டி போடுகிற கருவிகள் என்று நானும் முதல் வருடம் நம்பினேன். ஒரு நிலவறையில் பீட்டா டிடெக்டர் சுவரைச் சுத்தம் என்றது. அடுத்த வாரம் ஜெர்மேனியம் அதே சுவரில் 662 கோட்டைக் காட்டியது. யார் பொய் சொல்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கக் கூட்டம் போட்டோம். இரண்டுமே பொய் சொல்லவில்லை. பல வருடம் கசிந்த தண்ணீரோடு சீசியம் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருந்தது. பீட்டா சில மில்லிமீட்டர் கான்கிரீட்டிலேயே அடங்கிவிடும், காமா வெளியே வந்துவிடும். கான்கிரீட்டின் மேல்தோலில் என்ன இருக்கிறது என்று ஒரு கருவி சொன்னது, உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னொன்று சொன்னது. இரண்டுக்குமே தெரியாத சமாசாரங்களும் உண்டு. கதிரியக்க ஹைட்ரஜனான ட்ரிட்டியம் விடும் பீட்டாவின் உச்ச ஆற்றல் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அது மைக்கா சன்னலைத் தாண்டாது, காமாவும் கிடையாது. கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உண்டு. நிக்கல்-63உம் ஏறக்குறைய அதே கதை. அதை நேரடியாகத் தேடாமல், கோபால்ட்-60 இவ்வளவு இருந்தால் நிக்கல் இவ்வளவு இருக்கும் என்று விகிதம் போட்டுத்தான் பல இடங்களில் கணக்கிடுவார்கள். கோபால்ட்டின் அரைவாழ்வு ஐந்தேகால் வருடம், நிக்கலுக்கு ஏறத்தாழ நூறு வருடம். பழைய அறிக்கையில் இருக்கும் விகிதத்தை அப்படியே எடுத்துப் போட்டவர்களை நான் பிடித்திருக்கிறேன். அந்தப் பெருமையும் எனக்கு அப்போது உண்டு.

திட்ட மேலாளரின் அறைச் சுவரில் ஒரு பெரிய ஒப்பீட்டு அட்டவணை இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் விலை, எடை, உணர்திறன், ஒரு மணி நேரத்தில் எத்தனை சதுர மீட்டர் என்று கட்டம் கட்டமாக. அதைத் தயாரித்ததில் எனக்கும் பங்கு உண்டு. கருவியைப் பிடித்து நடக்கிற ஆளுக்கு அதில் ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை.

நாலேகால் மணி நேரம்

அமெரிக்காவில் இந்த வேலைக்கு வேதபுத்தகம் மாதிரி இருப்பது மார்சிம் கையேடு. பாதுகாப்புத் துறை, எரிசக்தித் துறை, சுற்றுச்சூழல் முகமை, அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஆகிய நான்கும் சேர்ந்து 1997இல் வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் அது எங்கிருந்து தொடங்குகிறது என்பது. இடம் சுத்தமாக இருக்கிறது, மாசு இருந்தால் நிரூபி என்று அது சொல்வதில்லை. இடம் வரம்பைத் தாண்டி அசுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள், சுத்தம் என்றால் நிரூபி என்கிறது. மாசு அதிகம் இருக்கக்கூடிய இடம் முதல் வகுப்பு. சர்வேக்காகப் பிரித்த ஒவ்வொரு பகுதியும் ஒரு யூனிட். கட்டடத்துக்குள் என்றால் ஒரு முதல் வகுப்பு யூனிட் 100 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பரிந்துரை. அதன் ஒவ்வொரு அங்குலத்தின் மீதும் டிடெக்டர் போயாக வேண்டும்.

எங்கள் தரை வேலைக்குப் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் முகமுள்ள பிளாஸ்டிக் சிண்டிலேட்டர், அதாவது கதிர் பட்டால் மினுங்குகிற டிடெக்டர். விநாடிக்கு ஒரு டிடெக்டர் அகலம் நகர்த்த வேண்டும். அப்படியென்றால் 100 சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் விநாடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரம். காதில் ஹெட்ஃபோன். ஒவ்வொரு கவுண்ட்டும் ஒரு 'டிக்'. அந்தக் கட்டடத்தில் மாசில்லாத கான்கிரீட்டே விநாடிக்குச் சராசரியாக 5 டிக் கொடுத்தது. இயற்கையான பொட்டாசியம், யுரேனியம், தோரியம், மேலேயிருந்து வரும் காஸ்மிக் கதிர் எல்லாம் சேர்ந்து. இந்தப் பின்னணி என்பது இடத்துக்கு இடம் மாறும். கல்லூரியில் படிக்கும்போது மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு எங்கள் பேராசிரியர் ஒரு சர்வே மீட்டரோடு அழைத்துப் போனார். வெள்ளை மணலில் சும்மா இருந்த மீட்டர், தோரியம் உள்ள மோனசைட் கலந்த கறுப்பு மணல் வரி மேல் வைத்ததும் பொரி பொரிக்கிற மாதிரி சத்தம் போட்டது. அந்த மணலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர், "தம்பி, அது கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று எங்களில் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

சரி, அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். கருவியோடு ஒரு டேட்டா லாகரும் இருந்தது. ஒவ்வொரு விநாடியின் எண்ணிக்கையும் அதில் பதிவாகும். கோப்பைத் திறந்தால் யார் எவ்வளவு நேரம் எடுத்தார், எங்கே நின்றார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இன்னொரு சர்வேயர், முப்பது வயது இளைஞர், ஒரு யூனிட்டை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தார். அதே அளவு யூனிட்டுக்கு அம்மாவுக்கு நாலேகால் மணி நேரம். நடக்கிற வேகம் இருவருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க நிறுத்தங்களில் இருந்தது. ஒரு யூனிட்டில் 600 தடவைக்கு மேல் நின்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் எட்டு, ஒன்பது விநாடி டிடெக்டரை அசைக்காமல் வைத்துக் கேட்டுவிட்டு நகர்ந்திருக்கிறார். ஒரு யூனிட்டில்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. 600 தடவை நின்று 600 தடவையும் வீண். வேலை கால அட்டவணைக்குப் பின்தங்கிக்கொண்டிருந்தது, மேலாளர் காரணம் கேட்டார், நான் அந்த வரியை எழுதினேன். சொன்ன தகவல் உண்மைதான். இரண்டு வாரத்தில் அம்மாவை ஸ்மியர் எண்ணும் அறைக்கு மாற்றினார்கள். தரையைத் துடைத்தெடுத்த வட்டத் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியில் வைத்து எடுக்கிற வேலை. துடைத்தால் ஒட்டி வரும் மாசைத்தான் அது காட்டும், அதிலும் பத்தில் ஒரு பங்குதான் தாளில் வரும் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். உட்கார்ந்தே செய்கிற வேலை. அவர் எதுவும் சொல்லவில்லை. தன் ஹெட்ஃபோனை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போனார், அது அவர் சொந்தக் காசில் வாங்கியது.

அப்புறம் லாகரில் ஓர் அலாரமும் வைத்தோம். விநாடிக்கு 15 வந்தால் கத்தும். அதற்குக் குறைவாக இருந்தால் நிற்க வேண்டாம் என்று எழுத்தில் இல்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நானே உட்கார்ந்து போட்ட கணக்கு அது. சராசரி 5 இருக்கும் இடத்தில் தற்செயலாக 15 வருவது பத்தாயிரம் விநாடியில் இரண்டு தடவைதான். ஒரு யூனிட்டுக்கு இரண்டு பொய் அலாரம். மேலாளருக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

11, 12

வேலை முடியும் தறுவாயில், ஒழுங்குமுறை ஆணையத்தின் சார்பில் ஒரு சுயேச்சைக் குழு உறுதிப்படுத்தும் சர்வேக்கு வரும். நாங்கள் சுத்தம் என்று சொன்னதில் சில இடங்களை அவர்களே தேர்ந்தெடுத்து மறுபடி அளப்பார்கள். இளைஞர் முடித்த ஒரு யூனிட்டில், பழைய பம்ப் மேடைக்குப் பின்னால், தரையும் சுவரும் சேரும் மூலையில் உள்ளங்கை அளவு ஓரிடத்தைக் கண்டுபிடித்தார்கள். டிடெக்டரைச் சுவரோடு ஒட்டிவைத்தால் விநாடிக்கு நாற்பதுக்கு மேல். மொத்த யூனிட்டின் சராசரியை அது அசைக்கவே இல்லை. ஆனால் சிறிய இடங்களுக்கு என்று தனியாக ஒரு வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டது.

எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது அந்த இளைஞர் அங்கே போகவே இல்லை என்றுதான். அப்படிச் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஹண்டர்ஸ் பாயிண்ட் பழைய கடற்படைத் தளத்தைச் சுத்தம் செய்தபோது, மாசுள்ள மண் மாதிரிக்குப் பதிலாக வேறு இடத்துச் சுத்தமான மண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். 2018இல் இரண்டு மேற்பார்வையாளர்களுக்கு எட்டு எட்டு மாதம் சிறை. அந்தச் செய்திக்குப் பிறகு இந்தத் தொழிலில் யாரையும் பார்த்து 'இவர் செய்ய மாட்டார்' என்று சொல்லிவிட முடிவதில்லை. அன்று இரவு லாகர் கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் வரிசை வரிசையாகப் பார்த்தேன். அவர் போயிருந்தார். அந்த மூலையில் நேரம், வரிசை எண் எல்லாம் பொருந்தின. டிடெக்டரின் சட்டம் சுவரில் இடித்து ஓரமாகக் கடந்திருக்கிறது. 4, 6, 5, 11, 12, 6, 3. அவர் நிற்கவில்லை.

அந்த ஏழு எண்களை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அலாரம் 15க்கு வைத்திருந்தது, அதனால் கத்தவில்லை. அது சரி. அந்த விநாடியில் அவர் காதில் கேட்டது என்ன? ஐந்தைந்தாக விழுந்துகொண்டிருந்த டிக் சத்தம் இரண்டு விநாடி நேரம் இரட்டிப்பாகியிருக்கிறது. மறுபடி கணக்குப் போட்டேன். பத்தாயிரம் விநாடியில் 11 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வருவது ஏறக்குறைய 137 தடவை. ஆகவே ஒற்றை 11க்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆனால் அடுத்தடுத்து இரண்டு விநாடியும் 11 அல்லது அதற்கு மேல் வருவது ஒரு யூனிட்டில் இரண்டு தடவைக்குள்தான். நான் அலாரம் வைத்த 15இன் பொய் எண்ணிக்கையும் அதே அளவுதான்! ஒரே ஒரு விநாடியை மட்டும் பார்க்கிற அலாரத்தை நான் வைத்தேன். காது அப்படிக் கேட்பதில்லை, இரண்டு மூன்று விநாடியைச் சேர்த்துத்தான் கேட்கிறது. அந்தக் காதைத்தான் நிற்காதே என்று பழக்கிவிட்டோம்.

மறுநாள் அம்மாவின் பழைய கோப்புகளையும் திறந்தேன். அவர் எந்த எண்ணில் நின்றார் என்று தேடினால் தெளிவான எல்லை எதுவும் இல்லை. 9 வந்தால் பெரும்பாலும் நின்றிருக்கிறார், 8, 8 என்று வந்தாலும் நின்றிருக்கிறார். சில இடங்களில் 6 வந்தபோதுகூட. அந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். வடிகால் மூடி, தரையும் சுவரும் சேரும் மூலை, விரிசல், கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. தரையைத் துடைத்தவர்களின் மாப்புத் தண்ணீர் முப்பது வருடம் எங்கே போய்த் தேங்கியதோ அங்கெல்லாம்.

அறுபது சதவீதம்

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், இதெல்லாம் நான் படிக்காதது இல்லை. ஸ்கேன் செய்யும்போது எவ்வளவு குறைந்த மாசைப் பிடிக்கலாம் என்று மார்சிம் ஒரு கணக்குத் தருகிறது. ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எப்போது விமானம் என்று சொல்வார், எப்போது தவறவிடுவார் என்பதற்காக வளர்ந்த அதே சமிக்ஞைக் கோட்பாடுதான். சர்வேயர் செய்யும் வேலையை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறார்கள். நடந்துகொண்டே கேட்பது முதல் கட்டம். சந்தேகம் வந்தால் நின்று கேட்பது இரண்டாவது. முதல் கட்டத்தில் உண்மையான மாசில் 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்றால், 60 சதவீதம் வரைகூடப் பொய்ச் சந்தேகம் வரலாம் என்று அந்தக் கணக்கு ஏற்றுக்கொள்கிறது. 60! நின்றால் சில விநாடிதானே போகும், தவறவிட்டால் போனது போனதுதான், அதனால் தாராளமாகச் சந்தேகப்படு என்று அர்த்தம். நடைமுறையில் யாரும் பாதிக்கு மேற்பட்ட விநாடிகளில் நிற்பதில்லை. ஆனால் கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெளிவு.

அந்தக் கணக்கில் ஓர் எண் உண்டு, 1.38. பின்னணியின் ஏற்ற இறக்கத்தைப் போல இத்தனை மடங்கு சத்தம் கூடினால் சர்வேயர் கவனிப்பார் என்று சொல்வது. பொய்ச் சந்தேகத்தை 60இலிருந்து 5 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றால் அதே எண் 3.28 ஆகிவிடும். கிட்டத்தட்ட 2.4 மடங்கு. கருவி அதேதான், நடையும் அதேதான். கையேடு தருகிற உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு அங்குல சோடியம் அயோடைடால் மண்ணில் சீசியம்-137ஐத் தேடினால், கிராமுக்கு 6.4 பிகோகியூரி வரை பிடிக்கலாம் என்று வருகிறது. வருடத்துக்கு 0.25 மில்லிசீவர்ட் என்ற அமெரிக்க வரம்புக்கு ஈடாக ஆணையம் வைத்திருக்கும் சீசியத்துக்கான பொதுவான சல்லடை அளவு 11. ஆக, 6.4 என்றால் கருவி போதும். இப்போது சர்வேயரிடம் வீணாக நிற்காதே, நூற்றுக்கு ஐந்து தடவை நின்றால் போதும் என்று சொல்லுங்கள். 6.4 என்பது 15 ஆகிவிடும். 11ஐத் தாண்டிவிட்டது. அறிக்கையில் 6.4 என்றே அச்சாகும், அளவுத்திருத்தச் சான்றிதழும் செல்லும். கருவிக்குள் எதையும் தொடாமல், குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி எழுதியே அந்தக் கருவியைப் பாதிக்கு மேல் செவிடாக்கிவிடலாம்.

சொல்லப்போனால் அந்த 6.4இலேயே இன்னொரு தள்ளுபடியும் இருக்கிறது. சர்வேயர் என்பவர் இலட்சிய காது அல்ல, களைப்பார், கவனம் சிதறும் என்று 0.5 என்ற திறன் எண்ணைப் போட்டுத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். நான் அதை எத்தனையோ முறை விரிதாளில் தட்டியிருக்கிறேன். ஓர் ஆளைக் குறிக்கிற எண் என்று ஒரு முறைகூட நினைத்ததில்லை.

அம்மாவைப் பார்க்க ஸ்மியர் அறைக்குப் போனேன். மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவர் அதை முழுதாகக் கேட்கவில்லை. நீ எப்போதாவது ஸ்கேன் செய்திருக்கிறாயா என்று கேட்டார். பயிற்சியில் செய்தேன் என்றேன். அவர் எழுந்து, அலமாரியிலிருந்து பொத்தான் அளவு சோதனைக் கதிர்மூலம் (கருவியைச் சோதிக்கக் கொஞ்சமாகக் கதிர் விடும் வில்லை) இரண்டை எடுத்துக்கொண்டு, நடைபாதையில் அட்டை விரித்து, என்னை வெளியே நிற்க வைத்துவிட்டு எதற்கடியிலோ ஒளித்து வைத்தார். ஹெட்ஃபோனைக் கொடுத்தார். சத்தத்தைக் கூட்டப் போனேன், குறைக்கச் சொன்னார். சத்தம் அதிகமாக இருந்தால் காது பத்து நிமிடத்தில் மரத்துவிடுமாம். முதல் மூலத்தைச் சீக்கிரம் பிடித்துவிட்டேன். இரண்டாவதை இரண்டு முறை தாண்டிப் போனேன். இரண்டு முறையும் ஏதோ மாறியது போல் இருந்தது, பின்னால் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் வீணாக நிற்கக் கூச்சமாக இருந்தது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார். அந்தப் பையனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்றார். இருபது நிமிடத்தில் எனக்கு டிக் சத்தம் வெறும் மழை மாதிரி ஆகிவிட்டது. அவர் நாலேகால் மணி நேரம் கேட்டிருக்கிறார்.

ஜெர்மேனியம் வந்தது

இந்த மாதிரி ஒன்று நடந்தால் நிர்வாகங்கள் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான். ஆட்களை நம்ப வேண்டாம், இன்னும் நல்ல கருவி வாங்கு. எங்களுக்கும் ஜெர்மேனியம் வந்தது. நான் அதற்கு எதிரி இல்லை. இல்லினாயில் சயான் நிலையத்தின் நிலவறைச் சுவர்களுக்கு இறுதி சர்வேயே ஜெர்மேனியத்தை அங்கேயே நிறுத்தி எடுத்ததுதான், அது நல்ல தீர்மானம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கான்கிரீட்டுக்குள் ஊறிய சீசியத்தைத் தேடுகிற வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. அதற்குக் காது வலிக்காது. யார் முதுகுக்குப் பின்னால் நின்றாலும் கூச்சப்படாது.

ஆனால் அது பார்க்கிற பார்வை வேறு. தரைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில், ஈயக் கவசம் எதுவும் போடாமல் வைத்தால் பத்து மீட்டர் தூரம் வரைகூட அதற்குத் தெரியும். அவ்வளவு தூரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். உள்ளங்கை அளவு இடத்தில் இருப்பதை எடுத்து முழுத் தரையிலும் சமமாகத் தடவிவிட்டு, சராசரி குறைவு என்று சொல்லிவிடும். கவசம் போட்டுப் பார்வையைக் குறுக்கினால் சரியாகும், ஆனால் அப்போது எத்தனை இடத்தில் வைத்து எடுப்பது? பம்ப் மேடைக்குப் பின்னால் இருந்த அந்த மூலையையே சோதனைக்கு வைத்துப் பார்த்தோம். மாசுள்ள கான்கிரீட்டை வெட்டி எடுப்பதற்கு முன்பு, அறையின் நடுவில் ஜெர்மேனியத்தை வைத்துப் பதினைந்து நிமிடம் எடுத்தோம். கோபால்ட்டின் 1173, 1332 இரண்டு கோடுகளும் வந்தன. அளவாகப் பார்த்தால் வரம்புக்கு வெகு கீழே. அறைக்குள் கோபால்ட் இருக்கிறது என்று சொன்னது, எங்கே என்று சொல்லவில்லை.

நான் அப்போது முன்வைத்த யோசனைகள் சின்னவை. அலாரத்தை ஒற்றை விநாடிக்குப் பதிலாக அடுத்தடுத்த இரண்டு விநாடிகளின் கூட்டுத்தொகைக்கு மாற்றுவது. வாரம் ஒருமுறை யாருக்கும் தெரியாமல் அட்டைக்கடியில் மூலம் ஒளித்து வைத்து, பிடிக்கிறார்களா என்று பார்ப்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் ஒரே மூச்சில் ஸ்கேன் செய்யக் கூடாது. நிறுத்தங்களின் எண்ணிக்கையை வேகக் குறைவாகப் பார்க்காமல், ஒரு யூனிட்டில் நிறுத்தங்கள் ரொம்பக் குறைவாக இருந்தால் ஏன் என்று கேட்பது. கடைசி யோசனைக்கு மேலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை, மற்ற மூன்றும் நடந்தன. சுவரிலிருந்த ஒப்பீட்டு அட்டவணை அப்படியே இருந்தது, ஜெர்மேனியத்துக்கு ஒரு வரி கூடியதோடு சரி.

மூலையில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கான்கிரீட்டை உடைத்தெடுத்து, பையில் கட்டி, குழியை அளந்தோம். 5, 4, 6. அந்த யூனிட்டை முழுதாகத் திரும்பச் செய்ய வேண்டும் என்று ஆணையம் கேட்டது. அம்மாவைத் திரும்ப அழைத்தார்கள். காலையில் தன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. மூலைகளில் முட்டி போட்டார். வடிகால் மூடியருகே ஒரு நிமிடம் அசையாமல் இருந்தார். நடுவில் இருமுறை வெளியே வந்து தண்ணீர் குடித்தார். நாலு மணி நாற்பது நிமிடம். லாகரில் 712 நிறுத்தங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. யூனிட் தேறியது.

குறிப்புக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.